யார் பெயரில் கோப்பைத் திறப்பது?

எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் வகுப்பில் மற்றப் பிள்ளைகளை அடிக்கிறான், சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, வீட்டில் கைக்குக் கிடைத்ததைப் போட்டு உடைக்கிறான் என்றால், அந்த நடத்தைக்கு யார் பொறுப்பு? அவனே என்பது ஒரு பதில். வளர்த்தவர்கள் என்பது இன்னொன்று. அவன் குடியிருக்கும் தெரு, கட்ட முடியாத வாடகை, அம்மாவின் இரவு ஷிஃப்ட் எல்லாம் சேர்ந்து உண்டாக்கியது என்பது மூன்றாவது. தத்துவ வகுப்பில் மூன்றையும் நிறுத்தி வைத்து ஆண்டுக்கணக்கில் வாதிடலாம். அமெரிக்காவின் குழந்தை மனநலக் கிளினிக்கில் அதற்கு வழியில்லை. முதல் நாளே யாராவது ஒருவர் பெயரில் கோப்பு திறந்தாக வேண்டும். அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் 1980-ஆம் ஆண்டுப் பதிப்பில் இத்தகைய நடத்தை தனிக் கோளாறாக இடம் பெற்றது. அன்று முதல் காப்பீட்டு நிறுவனம் பணம் தருவது குழந்தையின் பெயரில் எழுதப்பட்ட அந்தக் கோளாறுக்குத்தான். பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையிலான உறவுச் சிக்கல் என்று எழுதப் பட்டியலின் ஓரத்தில் ஒரு குறியீடு உண்டு. அதை மட்டும் எழுதினால் பெரும்பாலும் பணம் வராது. பொறுப்பு யாருடையது என்ற மிகப் பழைய கேள்விக்கு ஒரு படிவம் சத்தமில்லாமல் பதில் எழுதிவிடுகிறது.

விவிலியத்துக்குள்ளேயே இந்தக் கேள்விக்கு இரண்டு குரல்கள் இருக்கின்றன. யாத்திராகமத்தில் பத்துக் கட்டளைகள் வரும் இடத்தில், தந்தையர் செய்த தீமை மூன்றாம் நான்காம் தலைமுறை வரை தொடரும் என்ற எச்சரிக்கை இருக்கிறது. எசேக்கியேல் தீர்க்கதரிசி தம் நூலின் பதினெட்டாம் அதிகாரம் முழுவதையும் அந்த எண்ணத்தை மறுக்கவே செலவிடுகிறார்: தகப்பனின் கணக்கு மகன் தலையில் ஏறாது, மகனின் கணக்கும் தகப்பன் தலையில் ஏறாது. அவர் பேசியது பாபிலோனுக்கு நாடு கடத்தப்பட்டவர்களிடம். முன்னோர் செய்த வினைக்கு நாம் என்ன செய்ய முடியும் என்று ஓய்ந்துபோனவர்களை எழுப்ப அந்த வாதம் தேவைப்பட்டது. ஆனால் அதற்கு ஒரு விலையும் உண்டு. பரம்பரையின் சுமையை இறக்கி வைக்கும்போது, தனிமனிதன் தன் நடத்தைக்குத் தானே முழுக் காரணம் என்ற சுமையை அது ஏற்றி வைக்கிறது. பின்னால் வந்த ஒவ்வொரு தீர்வும் இப்படியே ஒருவரை விடுவித்து இன்னொருவரைப் பிடித்தது.

அகஸ்டின் பிடித்தது குழந்தையை. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் அவர் எழுதத் தொடங்கிய ஒப்புதல் நூலின் முதல் பகுதியில், பேச்சு வராத சிசு ஒன்று தன்னோடு அதே மார்பில் பால் குடிக்கும் இன்னொரு குழந்தையைப் பொறாமையோடு முறைப்பதைக் கண்டதாகச் சொல்கிறார். குழந்தை கெடுதல் செய்யாமலிருப்பது உடம்பில் வலு இல்லாததால்தான், மனம் தூய்மையாக இருப்பதால் அல்ல என்பது அவர் முடிவு. ஆயிரத்து இருநூறு ஆண்டுகள் கழித்து அமெரிக்கக் கரையில் இறங்கிய பியூரிட்டன் குடும்பங்கள் அந்த முடிவை வளர்ப்பு முறையாகவே ஆக்கிக்கொண்டன. பிள்ளையின் பிடிவாதத்தை இளமையிலேயே முறித்துவிடுவது பெற்றோரின் மதக் கடமை ஆனது. ஜான் லாக் 1693-லும் ரூசோ 1762-லும் கல்வி பற்றி எழுதியபோது பழி இடம் மாறியது. லாக்கைப் பொறுத்தவரை பிள்ளையைப் பெரும்பாலும் பழக்கியவர்களே ஆக்குகிறார்கள். ரூசோவுக்கோ நல்லவனாகப் பிறந்தவனைச் சமூகம் கெடுக்கிறது. தம்முடைய ஐந்து பிள்ளைகளையும் அநாதை இல்லத்தில் விட்டவர் ரூசோ என்பதை அவருடைய எதிரிகள் மறக்க விடவில்லை.

பழி பெற்றோர் மேல் விழுந்தால், பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிப்பது தருமம் ஆகிவிடும். இறையியல் படித்த சார்லஸ் லோரிங் பிரேஸ் 1853-ல் நியூயார்க்கில் சிறுவர் உதவிச் சங்கத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டிலிருந்து 1929 வரை, அந்தச் சங்கமும் அதைப் பின்பற்றியவையும் ஏறத்தாழ இரண்டு லட்சம் பிள்ளைகளை ரயிலேற்றி மேற்குப் பகுதிப் பண்ணை வீடுகளுக்கு அனுப்பின. 'அநாதை ரயில்கள்' என்று பெயர் வந்ததே தவிர, பலருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள். நெரிசலான குடியிருப்பில் வாழ்ந்த ஏழைகள், பெரும்பாலும் வெளிநாடுகளிலிருந்து குடியேறியவர்கள். பிரேஸ் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. நல்ல எண்ணத்தோடு ஒரு குடும்பத்தை எவ்வளவு தூரம் கலைக்க முடியும் என்பதற்கு அவர் விட்டுச்சென்ற சான்று போதும்.

சமூகப்பணி ஒரு தொழிலாக உருவெடுத்தது இதற்குப் பின்னர்தான். சிகாகோவில் ஜேன் ஆடம்ஸ் 1889-ல் தொடங்கிய ஹல் ஹவுஸ் என்ற சமூகத் தொண்டு இல்லத்தைச் சுற்றியிருந்த பெண்களின் முயற்சியால் 1899-ல் அமெரிக்காவின் முதல் சிறார் நீதிமன்றம் வந்தது. தவறு செய்த பிள்ளை தண்டனைக்குரியவன் அல்லன், கவனிப்புக்குரியவன் என்பது அதன் கொள்கை. அதோடு இணைந்து 1909-ல் வில்லியம் ஹீலி என்ற மருத்துவர் ஓர் ஆய்வு நிலையத்தை நடத்தத் தொடங்கினார். உடல் பரிசோதனை, அறிவுத்திறன் சோதனை, குடும்ப வரலாறு ஆகியவற்றோடு, பிள்ளை தன் வாயால் சொல்லும் கதையையும் அவர் எழுதி வாங்கினார். ஒற்றைக் காரணம் எங்கும் அகப்படவில்லை என்பதே அவருடைய முக்கியமான கண்டுபிடிப்பு. 1917-ல் மேரி ரிச்மண்டின் 'சமூகக் கண்டறிதல்' என்ற நூல் வந்தபோது, தனி ஆளைப் புரிந்துகொள்ளக் குடும்பம், அக்கம்பக்கம், பள்ளி, வேலையிடம் எல்லாவற்றையும் விசாரிக்க வேண்டும் என்ற முறை அத்துறையின் இலக்கணமாயிற்று.

பாதி வழியில் இது தடம் மாறியது. நூற்றாண்டின் நடுவில் உளப்பகுப்பாய்வு கோலோச்சிய காலத்தில், 'காரணங்கள் பல' என்றது சுருங்கிச் சுருங்கித் தாய் என்ற ஒரே காரணத்தில் வந்து நின்றது. அதிகம் பாசம் காட்டினாலும் அவள் குற்றம், குறைவாகக் காட்டினாலும் அவள் குற்றம். ஆட்டிசத்துக்குக்கூடத் தாயின் குளிர்ந்த மனம்தான் மூலம் என்று புருனோ பெட்டல்ஹைம் 1967-ல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே பெர்னார்ட் ரிம்லாண்ட் அந்தக் கருத்தைச் சான்றுகளோடு மறுத்திருந்தார். அவர் உளவியலாளர், ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையும்கூட. தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை என்று நம் ஊரில் சொல்வதற்கு ஆய்வு எதுவும் தேவைப்படவில்லை. அங்கே அதே வாக்கியத்தைச் சொல்ல ஒரு பெரிய கோட்பாடு தேவைப்பட்டது.

இந்தப் பின்னணியில்தான் மேரி மெக்கேயின் வேலை பொருள் பெறுகிறது. சமூகப்பணி ஆய்வாளரான அவர் 1990-களில் சிகாகோவிலும் பிறகு நியூயார்க்கிலும் பணியாற்றினார். நியூயார்க் பல்கலைக்கழகத்தின் மெக்சில்வர் நிறுவனத்தின் முதல் இயக்குநராக இருந்து, 2016-ல் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பிரவுன் சமூகப்பணிப் பள்ளிக்குத் தலைமை ஏற்றார். அவர் எடுத்துக்கொண்ட முதல் பிரச்சினை பார்வைக்கு மிகச் சிறியது. பெருநகரின் ஏழைப் பகுதிகளில், பிள்ளையை மனநலக் கிளினிக்குக்கு அழைத்து வரச் சொல்லி நாள் குறித்துக் கொடுத்தால், கணிசமான குடும்பங்கள் வருவதேயில்லை. வந்தவர்களிலும் பலர் ஓரிரு முறையோடு நின்றுவிடுகிறார்கள். கிளினிக் ஊழியர்கள் இதற்கு வைத்திருந்த விளக்கம் 'அக்கறையில்லாத பெற்றோர்'. கோப்பில் 'வரவில்லை' என்று எழுதி மூடிவிடுவார்கள்.

மெக்கேயும் அவருடன் பணியாற்றியவர்களும் கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள்: வராமல் போனதில் கிளினிக்கின் பங்கு என்ன? நாள் குறிக்கத் தாய் முதன்முதலில் தொலைபேசியில் அழைக்கும்போது பெயர், முகவரி, காப்பீட்டு எண் என்று கேட்டு முடிப்பது வழக்கம். அந்த அழைப்பையே அரை மணி நேர உரையாடலாக மாற்றினார்கள். பிள்ளையை அழைத்து வர வேண்டும் என்று சொன்னது யார், பள்ளிக்கூடமா நீங்களா? உங்கள் பார்வையில் பிரச்சினை என்ன? இதுவரை நீங்களாக என்னென்ன செய்து பார்த்தீர்கள்? இதற்கு முன்னால் இப்படி ஓர் இடத்துக்குப் போனபோது உங்களை எப்படி நடத்தினார்கள்? செவ்வாய்க்கிழமை வர என்ன தடை இருக்கிறது: பஸ்ஸா, கைக்குழந்தையை யாரிடம் விடுவது என்பதா, 'பைத்தியத்துக்கு மருந்து கொடுத்துவிடுவார்கள்' என்று பாட்டி சொன்னதா? நேரில் வந்தபின் நடக்கும் முதல் சந்திப்பையும் இதே போல மாற்றினார்கள். அங்கே என்ன நடக்கும், யார் எதற்கு என்பதை முதலில் விளக்கிவிட்டு, பள்ளியிலிருந்து வந்த நோட்டீஸ் போன்ற உடனடித் தொல்லை ஒன்றுக்கு அன்றைக்கே கை கொடுப்பது. இப்படிச் செய்த இடங்களில் வருகை உயர்ந்தது என்று அவர்களுடைய ஒப்பீட்டு ஆய்வுகள் காட்டின. தாய்மார்கள் மாறவில்லை. மாறியது அவர்களிடம் கேட்கப்பட்ட கேள்வி மட்டும்தான்.

அடுத்த படி, பல குடும்பங்களை ஒரே அறையில் உட்கார வைப்பது. ஏழு முதல் பதினொரு வயது வரையிலான பிள்ளைகள், பெற்றோர், வீட்டிலிருக்கும் மற்றவர்கள் எல்லாரும் பதினாறு வாரம், வாரத்துக்கொரு முறை கூடுகிறார்கள். வண்டிச் செலவு தரப்படுகிறது, சாப்பாடு உண்டு, சின்னக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு. பேசுபொருள்கள் ஆறு. விதிகள், பொறுப்புகள், உறவுகள், மரியாதையான பேச்சு என்று நான்கு; மன அழுத்தம், பக்கத் துணை என்று இரண்டு. அறையை நடத்துபவர்களில் ஒருவர் மனநலச் சிகிச்சையில் பயிற்சி பெற்றவர். இன்னொருவர் இதே சேவையை முன்பு நாடி வந்த ஒரு தாயோ தந்தையோ. நியூயார்க் கிளினிக்குகளில் நடந்த சோதனையில், வழக்கமான சேவை பெற்ற பிள்ளைகளைவிட இந்தக் கூட்டங்களுக்கு வந்த பிள்ளைகளின் எதிர்ப்பு நடத்தை அதிகம் குறைந்தது. இங்கே கவனிக்க வேண்டியது கடைசி இரண்டு பேசுபொருள்களை. வாடகைக் கெடு, வேலை போனது, தனியாக வளர்ப்பது போன்றவற்றை 'சிகிச்சைக்கு வெளியே உள்ளவை' என்று தள்ளாமல், விதிகளோடும் பொறுப்புகளோடும் ஒரே வரிசையில் வைத்தார்கள்.

பெற்றோரின் நடத்தை மாற வேண்டும் என்று சொல்லிக்கொண்டே, பெற்றோர் மேல் பழியில்லை என்று சொல்ல முடியுமா? தர்க்கத்தில் இது ஒரு உண்மையான சிக்கல். தத்துவவாதி பி. எஃப். ஸ்ட்ராசன் 1962-ல் பிரிட்டிஷ் அகாதெமியில் நிகழ்த்திய உரை இதற்குள் இறங்க உதவும். ஒருவரை நாம் இரண்டு விதமாக அணுகலாம் என்றார் அவர். கோபித்துக்கொள்ளவும் நன்றி சொல்லவும் மன்னிக்கவும் தகுந்த சக மனிதராக அணுகுவது ஒன்று. கையாளவும் சரிசெய்யவும் வேண்டிய ஒரு நிகழ்வாகப் பார்ப்பது மற்றது. பிள்ளை வளர்ப்பவர்கள் இந்த இரண்டுக்கும் இடையில் நாள் முழுவதும் போய்வந்துகொண்டிருக்கிறார்கள் என்றும் அவர் கவனித்தார். மேலோட்டமாகப் பார்த்தால் பழியை நீக்குவது கருணை. ஸ்ட்ராசனைப் படித்த பிறகு அதில் ஒளிந்திருக்கும் அவமதிப்பு தெரிகிறது. சூழ்நிலையின் பலியாள் என்று மட்டும் ஒரு தாயைப் பார்த்தால், அவளிடம் எதையும் கேட்க முடியாது. அவளோடு வாதாடவும் முடியாது. அவளுக்காக ஏற்பாடு செய்ய மட்டுமே முடியும்.

ஆக்ஸ்ஃபோர்டில் ஆளுமைக் கோளாறு உள்ளவர்களுக்கான சிகிச்சைக் குழுவில் பணியாற்றிய தத்துவவாதி ஹன்னா பிகார்ட் இதிலிருந்து வெளியே வர ஒரு வழி காட்டினார். நல்ல சிகிச்சையாளர்கள் நோயாளியைத் தம் செயலுக்குப் பொறுப்பானவராக நடத்துகிறார்கள், ஆனால் பழிப்பதில்லை என்பதை அவர் அங்கே கண்கூடாகக் கண்டார். பொறுப்பு என்பது தேர்வு செய்யும் திறன் இருக்கிறது என்ற அங்கீகாரம். பழி என்பது அதன் மேல் ஏறி உட்காரும் வெறுப்பும் தண்டிக்கும் உணர்வும். இரண்டும் வழக்கமாகச் சேர்ந்தே வருவதால் ஒன்றென்று தோன்றுகிறது. இந்தப் பிரிவினை சரியானது என்றே கொள்ள வேண்டும், ஆனால் இது ஒரு அறைக்குள் இருவருக்கு இடையில் நடக்கும் விஷயத்தைத்தான் விளக்குகிறது. அறைக்கு வெளியே இருக்கும் வாடகையைப் பற்றி இதற்குச் சொல்ல ஒன்றுமில்லை.

அதைச் சொன்னவர் சிகாகோ பல்கலைக்கழகத்தில் கற்பித்த ஐரிஸ் மரியன் யங். அவர் 2006-ல் இறந்தார். பொறுப்பும் நீதியும் பற்றிய அவருடைய நூல் 2011-ல் வெளிவந்தது. அதில் சாண்டி என்ற கற்பனைத் தாய் வருகிறாள். இரண்டு பிள்ளைகள், தனியாக வளர்ப்பவள், வேலையும் உண்டு. குடியிருக்கும் கட்டடம் கைமாறுகிறது. வேலையிடத்துக்குப் போய்வரும் தூரத்தில் வாடகை கட்டுப்படியாகவில்லை. தொலைவில் போனால் கார் வேண்டும். காரை வாங்கினால் வீட்டுக்கு முன்பணம் கொடுக்கக் கையில் காசில்லை. யாரும் சட்டத்தை மீறவில்லை, யாரும் அவளை ஏமாற்றவில்லை, ஆனாலும் அவள் தெருவுக்கு வரும் நிலையில் இருக்கிறாள். குற்றவாளியைத் தேடும் பொறுப்பு முறை இங்கே தோற்றுப்போகிறது, ஏனெனில் பிடித்துக் கொடுக்க ஒருவரும் இல்லை. யங் முன்வைத்த முறை எதிர்காலத்தை நோக்கியது: இந்த நிலை உண்டாவதில் தம் அன்றாடச் செயல்களால் பங்கேற்பவர் அனைவரும் அதை மாற்றும் பொறுப்பைப் பகிர்கிறார்கள், சாண்டியும் சேர்த்து. 1996-ல் வந்த அமெரிக்க நலத்திட்டச் சட்டம் தன் பெயரிலேயே 'தனிமனிதப் பொறுப்பு' என்று வைத்திருந்தது. அந்தச் சொல்லை அரசியல்வாதிகளிடமிருந்து மீட்பது அவர் நோக்கங்களில் ஒன்று.

வெறும் வாதம் என்று இதைத் தள்ள முடியாதபடி ஒரு சான்று தற்செயலாகக் கிடைத்தது. வட கரோலினாவின் மலைப் பகுதியில் 1993 முதல் 1,420 பிள்ளைகளின் மனநலத்தை ட்யூக் பல்கலைக்கழகத்தின் ஜேன் காஸ்டெல்லோ குழு ஆண்டுதோறும் பதிவு செய்து வந்தது. அவர்களில் கால் பங்கினர் அமெரிக்கப் பழங்குடியினர். ஆய்வு பாதியில் இருக்கும்போது கிழக்குச் செரோக்கி மக்களின் நிலத்தில் ஒரு சூதாட்ட விடுதி திறந்தது. அதன் லாபத்தில் ஒரு பங்கு பழங்குடியினர் ஒவ்வொருவருக்கும் சமமாகத் தரப்பட்டது. யாரும் விண்ணப்பிக்கவில்லை, யாரையும் தகுதி பார்க்கவில்லை. அந்தக் குடும்பங்களில் 14 விழுக்காடு வறுமையிலிருந்து வெளியேறின. அவற்றின் பிள்ளைகளிடம் அடாவடி, எதிர்ப்பு போன்ற நடத்தைக் குறிகள் குறைந்து, ஒருபோதும் ஏழையாக இல்லாத பிள்ளைகளின் அளவுக்கே வந்துவிட்டன. வறுமை நீங்காத வீடுகளில் மாற்றமில்லை. கவலை, மனச்சோர்வு ஆகியவையும் குறையவில்லை. 2003-ல் வெளியான இந்த ஆய்வு, காரணத்தைத் தேடியபோது ஒரே ஒரு கண்ணியைத்தான் பிடிக்க முடிந்தது: பெற்றோரின் மேற்பார்வை. காசு வந்ததும் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று கவனிக்கப் பெற்றோரால் முடிந்திருக்கிறது.

இந்தக் கண்ணி இரு பக்கமும் வெட்டுகிறது. பெற்றோரின் கவனிப்பே முக்கியம் என்று சொல்பவர்களும் சரி, வறுமையே காரணம் என்று சொல்பவர்களும் சரி, இதைத் தம் சான்றாகக் காட்டலாம். உண்மையில் அது காட்டுவது, அவை இரண்டு தனித்தனிக் காரணங்கள் அல்ல என்பதைத்தான். அதோடு கூட்டச் சிகிச்சைக்கு ஒரு சங்கடமான கேள்வியையும் வைக்கிறது: காசு செய்கிற வேலைக்கு எதற்குப் பதினாறு வாரப் பேச்சு? தட்டிக்கழிக்கக்கூடிய கேள்வி அல்ல. மெக்கேயோடு இணைந்து பணியாற்றும் ஃப்ரெட் செவமாலா, பிள்ளைகளுக்கான சேமிப்புக் கணக்குகளை உகாண்டாவில் சோதித்துப் பெயர் பெற்றவர். அவர்கள் தென்மேற்கு உகாண்டாவில் வகுத்த ஓர் ஆய்வு, நடத்தைச் சிக்கல் உள்ள பிள்ளைகளின் குடும்பங்களுக்குப் பொருளாதார உதவி மட்டும், குடும்பக் கூட்டம் மட்டும், இரண்டும் சேர்த்து என்று பிரித்து ஒப்பிடும் அமைப்புடையது. மசாக்கா பகுதிப் பள்ளிகளில் இதே கூட்டங்களை உள்ளூர்ப் பெற்றோரே நடத்துவதையும், சமூகச் சுகாதாரப் பணியாளர்கள் நடத்துவதையும் ஒப்பிட்டிருக்கிறார்கள். மனநல மருத்துவர் கைக்கெட்டாத நாட்டில் அறையை யார் நடத்துவது என்பது செலவுக் கணக்கு. அதே சமயம், அறிவுரை சொல்லும் இடத்தில் யார் உட்காரத் தகும் என்ற பழைய கேள்வியும் அதற்குள் இருக்கிறது.

அமெரிக்காவில் இந்தக் கேள்விக்குச் சட்டம் ஒரு முள்ளைச் சேர்க்கிறது. பிள்ளை புறக்கணிக்கப்படுவதாகவோ துன்புறுத்தப்படுவதாகவோ சந்தேகம் வந்தால் சமூகப்பணியாளர் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். 1960-களின் இறுதிக்குள் எல்லா மாநிலங்களிலும் இப்படிப்பட்ட புகாரளிப்புச் சட்டங்கள் வந்துவிட்டன. தொலைபேசியில் 'உங்களுக்கு என்ன தடை' என்று பரிவோடு கேட்பவரும், பிள்ளையைப் பிரித்தெடுக்கும் நடைமுறையைத் தொடங்கி வைக்கக்கூடியவரும் ஒரே ஆள்தான். ஏழைத் தாய்மார் கிளினிக்கைக் கண்டு தயங்குவதில் இந்தக் கணக்கும் உண்டு. அது அறியாமை அல்ல. யங் வீடு பற்றி எழுதிய ஒரு கட்டுரையில் தம் சிறுவயதைச் சொல்கிறார். தந்தை இறந்த பிறகு தாய் குடித்தார், வீட்டை ஒழுங்காக வைத்துக்கொள்ளவில்லை. புறக்கணிப்புக் குற்றம் சாட்டப்பட்டு அவர் காவலுக்குப் போனார், பிள்ளைகள் வேறிடத்துக்குப் போனார்கள். அலங்கோலமான வீடே அந்தத் தாய்க்கு எதிரான சாட்சியாயிற்று. அடி விழும் வீடு என்றால் அங்கே பழியை ஒதுக்கி வைக்க முடியாது, ஒதுக்கவும் கூடாது. ஆனால் புறக்கணிப்பு என்று எழுதப்படுவதில் எவ்வளவு வறுமை, எவ்வளவு துக்கம் என்று பிரித்துச் சொல்லும் அளவுகோல் எந்தப் படிவத்திலும் இல்லை.

இத்தனை வாதத்திலும் யாரும் அதிகம் கேட்காத ஆள் பிள்ளைதான். அமெரிக்காவில் 1983-ல் வந்த ஆய்வு விதிகள், பெற்றோர் அனுமதித்தாலும் பிள்ளையின் சம்மதத்தைத் தனியே கேட்க வேண்டும் என்கின்றன. வயது குறிப்பிடப்படவில்லை, ஏழு வயதுக்கு மேல் கேட்பது பரவலான வழக்கம். ஆகவே குடும்பக் கூட்டத்துக்கு வரும் எட்டு வயதுச் சிறுவன் வேண்டாம் என்று சொல்லலாம். அதே விதி ஒரு விலக்கையும் வைத்திருக்கிறது. ஆய்வில் மட்டுமே கிடைக்கக்கூடியதும் பிள்ளையின் நலத்துக்கு நேரடியாகப் பயன்படுவதுமான சிகிச்சை என்றால், அவன் சம்மதம் இல்லாமலே பெற்றோரின் அனுமதி போதும். கேட்கும் அளவுக்கு அவனுக்குப் பொறுப்பு உண்டு, முடிவு செய்யும் அளவுக்கு இல்லை என்று சட்டம் கோடு போட்டிருக்கிறது. அந்தக் கோடு எங்கே விழ வேண்டும் என்பதை ஒவ்வோர் ஆய்விலும் நெறிமுறைக் குழு தனித்தனியாகத் தீர்மானிக்கிறது.